வெயிலில் திணறும் பிறீசர்: காஸ் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

சொந்த ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வருமானம் ஒரு பிறீசரில் இருந்தோ சோடாக் கூலரில் இருந்தோதான் வருகிறது. வீதியோரக் கடையில் குளிர்பானம், யோகட், ஐஸ்கிறீம். கரையோரக் கிராமத்தில், விற்று முடியாத மீனையும் இறாலையும் அடுத்த லொறி வரும்வரை வைத்திருக்க ஒரு பெட்டி. அது வாழ்வாதார உதவியாகக் கிடைத்திருக்கலாம், அல்லது வாராவாரம் கட்டும் கடனில் வாங்கியதாக இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும், பங்குனி சித்திரை வெயிலில் அது குளிராமல் போனால் ஒரே இரவில் ஒரு கிழமை உழைப்பு போய்விடும். கடன்காரர் வருகிற நாள் மட்டும் மாறாது.

இந்தப் பாடத்தைப் படித்து நீங்கள் திருத்துநராக முடியாது. ஆனால் பெட்டி உண்மையில் பழுதா, அல்லது வெயிலாலும் குறைந்த மின்சாரத்தாலும் திணறுகிறதா என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். இரண்டுக்கும் செலவு வேறு. முதலாவதுக்குத் திருத்துநர் வேண்டும். இரண்டாவதுக்குப் பெரும்பாலும் ஒரு தூரிகை, நாலு கிடுகு, கொஞ்சம் தடித்த வயர் போதும்.

பெட்டி உண்மையில் என்ன செய்கிறது?

பிறீசர் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. துலாவால் கிணற்றுத் தண்ணீரை இறைத்து மேலே ஊற்றுவது போன்ற வேலை அது. கொம்பிறசர் என்னும் கறுப்புக் குண்டுதான் இறைக்கும் ஆள். உள்ளே அள்ளிய சூடு கொண்டென்சர் வழியாக வெளிக்காற்றில் கலக்கிறது. சில பெட்டிகளில் கொண்டென்சர் பின்புறத்தில் கறுப்புக் கம்பி வலையாக இருக்கும். கூலர்களில் அடியில், விசிறிக்கு முன்னால், மெல்லிய தகடுகள் அடுக்கிய ஒரு பெட்டியாக இருக்கும்.

வெளிக்காற்று 28 பாகை செல்சியஸ் என்றால் கிணறு ஆழம் குறைவு. அதே காற்று 36 பாகை ஆனால் கிணறு ஆழமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு தண்ணீருக்குக் கூடுதலாக உழைக்க வேண்டும். உழைக்க உழைக்க கொம்பிறசரும் சூடாகிறது, அது உறிஞ்சும் மின்சாரமும் சூடாக மாறி அதே அறைக்குள் வந்து விழுகிறது. காற்றோட்டம் இல்லாத கடையில் பிறீசர் தன் சூட்டிலேயே தான் மூச்சுத் திணறும்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலாக வருகிறது. தெற்கில் தொடங்கி, அந்த நாட்களின் கடைசியில் வடக்கை அடைகிறது. ஆனால் வன்னியிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வெக்கை அதோடு முடிவதில்லை. புரட்டாதி வரை பெரிய மழை கிடையாது. சோளகக் காற்று புழுதியையும், கரையோரத்தில் உப்பையும் அள்ளி வந்து கொண்டென்சரில் அப்பிவிடும். எனவே இந்தப் பாடம் ஆறு மாதத்துக்கானது.

மூன்று நேரச் சோதனை

வேறு எதையும் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு வெப்பமானி வாங்குங்கள். பிறிட்ஜுக்குள் வைக்கும் சாதாரண வெப்பமானியே போதும். கூலர் என்றால் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் அதை விட்டு நடுத் தட்டில் வையுங்கள். பிறீசர் என்றால் இரண்டு பொதிகளுக்கு நடுவில் செருகுங்கள். பிறகு விடியற்காலை ஐந்து ஆறு மணிக்கும், பின்னேரம் இரண்டு மூன்று மணிக்கும், இரவு எட்டு மணிக்கும் எடுத்துப் பாருங்கள். கூலர் 5 பாகை அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பிறீசர் சைபருக்குக் கீழே 18 பாகை இருக்க வேண்டும்.

விடியற்காலையில் நன்றாக இருந்து, பின்னேரம் ஏறிவிட்டால் பெட்டிக்குள் பழுதில்லை, சூடு வெளியேறவில்லை. பகலில் பரவாயில்லை, இரவு ஏழில் இருந்து பத்துவரை மோசம் என்றால் மின்னழுத்தத்தைச் சந்தேகியுங்கள். எல்லா வீட்டிலும் விளக்கும் விசிறியும் ரீவியும் போடும் நேரம் அது. மூன்று நேரமும், குறிப்பாக விடியற்காலையிலும், குளிர் போதாவிட்டால்தான் உள்ளே பழுது இருக்கக்கூடும். இரண்டு நாள் எழுதி வைத்தால் படம் தெளிவாகும். அந்தத் தாளைத் திருத்துநரிடம் காட்டினால் அவருக்கும் பாதி வேலை குறைந்துவிடும்.

இன்னொரு சோதனை கையால் செய்வது. பெட்டி ஒரு மணித்தியாலம் ஓடிய பின், புறங்கையைக் கொண்டென்சருக்குக் கிட்டே கொண்டுபோங்கள். மின்வயர் உள்ள பக்கம் கை வைக்க வேண்டாம். அது கொதிக்கக் கொதிக்க இருந்தால் சூடு வருகிறது, ஆனால் போக இடமில்லை. நீண்ட நேரம் ஓடியும் அது இளஞ்சூடாகக்கூட இல்லையென்றால், உள்ளே சூட்டை அள்ளும் காஸ் குறைந்திருக்கலாம், அல்லது கொம்பிறசர் இறைக்காமல் சும்மா சுற்றலாம். அப்போது மட்டும் திருத்துநரைக் கூப்பிடுங்கள்.

பெட்டி நிற்கும் இடம்

தற்காலிகத் தகரக் கொட்டிலில் கடை நடத்துகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் படியுங்கள். பெட்டியின் பின்புறத்திலோ உட்சுவரிலோ தகவல் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். அதில் காலநிலை வகுப்பு என்று ஆங்கில எழுத்து ஒன்றோ இரண்டோ இருக்கும். ‘என்’ அல்லது ‘எஸ்.என்’ என்றிருந்தால் அந்தப் பெட்டி 32 பாகை வரையான அறைக்குச் செய்யப்பட்டது. ‘எஸ்.ரி’ என்றால் 38 பாகை வரை. ‘ரி’ என்றால் 43 பாகை வரை. குளிர் நாட்டில் பாவித்துவிட்டு இங்கே மலிவாக விற்கும் பழைய பெட்டிகளில் முதல் வகை உண்டு. நடுப்பகலில் தகரக் கூரைக்குக் கீழே வெளியைவிடச் சூடு அதிகம் என்பது அதற்குள் இருந்து வியாபாரம் செய்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பெட்டி அங்கே திணறுவதில் அதிசயம் இல்லை. வாங்குவதற்கு முன்னரே தகட்டைப் பாருங்கள். விலையைப் பேசும்போது அதையும் பேசுங்கள்.

தகரத்துக்கு மேலே கிடுகோ பனை ஓலையோ வேய்ந்தால் கீழே சூடு வெகுவாகக் குறையும். அடுப்பு உள்ள பக்கத்தில் மட்டும் ஓலை வேண்டாம். மேற்குச் சுவரோரம் பெட்டியை வைக்காதீர்கள், பின்னேர வெயில் அந்தச் சுவரைத்தான் சுடும். தேத்தண்ணி அடுப்புக்கும் பெட்டிக்கும் இடையில் எவ்வளவு தூரம் விட முடியுமோ அவ்வளவு விடுங்கள். சுவரில் இருந்து 10 அல்லது 15 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். இரவில் கடையைப் பூட்டும்போது காற்றும் பூட்டப்படுகிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. கள்வர் பயம் நியாயமானதுதான். கூரைக்குக் கீழே, எட்டாத உயரத்தில், எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு இடைவெளி விட்டு கம்பி வலை அடித்துவிட்டால் சூடு அதன் வழியே போய்விடும்.

மேலே திறக்கும் நீளப் பிறீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் கம்பி வலை தெரியாது. சூடு வெளியேறும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள்ளேயே ஓடுகின்றன. பெட்டியின் வெளிச்சுவர் சுடுவது பழுதல்ல, அது வேலை செய்வதன் அடையாளம். அந்தச் சுவரோடு அரிசி மூட்டையையும் சோடாப் பெட்டிகளையும் சாய்த்து அடுக்கினால், ஆளுக்குப் போர்வை போர்த்தி வெயிலில் நிறுத்தியது போலாகும். பழுதென்று சொல்லப்படும் எத்தனையோ பிறீசர்களுக்கு மருந்து அந்த மூட்டைகளை நகர்த்துவதுதான். பெட்டியின் மேலே துணியோ பாயோ விரிப்பதையும் விடுங்கள்.

ஒரு அவசர உதவி உண்டு. மிகக் கடுமையான வெயில் நாளில் மேசை விசிறி ஒன்றைக் கொண்டென்சரை நோக்கி வைத்தால் உடனே பலன் தெரியும். ஆனால் ஈரச் சாக்கைக் கொம்பிறசருக்கு மேல் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேரக் கூடாது.

தூசும் உப்பும்

கூலரின் அடிப்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், கொண்டென்சர் முகத்தில் கம்பளிபோலப் புழுதி படிந்திருப்பதைச் சில இடங்களில் காணலாம். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிறகு மென்மையான தூரிகையால், தகடுகள் ஓடும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்றுப் பாதை அடைபடும். சோளகம் வீசும் மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒரு தரம், மற்ற மாதங்களில் மாதம் ஒரு தரம். கரையோரத்தில் உப்புப் படிந்த அலுமினியம் அரித்துப் பொடியாகும், அங்கே வாரம் ஒரு தரம் என்றாலும் அதிகமில்லை. வேலை முடிந்து மீண்டும் போட்டதும் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாத விசிறியோடு கூலரை ஓடவிட்டால் கொம்பிறசர் எரியும். விசிறி மோட்டர் மலிவு, கொம்பிறசர் அப்படியல்ல.

கதவு றப்பரைச் சோதிக்க ஒரு தாளைக் கதவிடையில் வைத்து மூடி இழுங்கள். தாள் சுகமாக வந்தால் அந்த இடத்தால் சூட்டுக்காற்று உள்ளே போகிறது. சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தாலே பல றப்பர்கள் மீண்டும் ஒட்டும். உள்ளே பனி தடித்திருந்தால் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, தானே உருக விடுங்கள். கத்தியால் குத்தி எடுக்க வேண்டாம். பனிக்குப் பின்னால் இருப்பது மெல்லிய அலுமினியக் குழாய். ஒரு சிறு துளை போதும், காஸ் முழுவதும் போய்விடும்.

குளிர் போதவில்லை என்று கண்டதும் எல்லாரும் முதலில் செய்வது குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்புவது. அதனால் பெட்டி வேகமாகக் குளிராது. நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். வெயில் நேரத்தில் குறைக்க வேண்டியது வேலைப்பளுவை. புதிய சோடாவை மாலையில் அடுக்குங்கள். சூடான சாப்பாட்டை உள்ளே வைக்காதீர்கள். பிறீசரில் காலி இடம் இருந்தால், பிளாஸ்ரிக் போத்தல்களில் முக்கால் பங்கு தண்ணீர் விட்டு இரவில் உறைய வையுங்கள். இரவின் குளிர்ச்சியை அவை பகலுக்குச் சேமித்து வைக்கும். மின்சாரம் போனாலும் கைகொடுக்கும்.

மின்சாரம்: பெட்டியைக் கொல்வது பெரும்பாலும் இதுதான்

நமக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ற். அதிலிருந்து 6 வீதம் ஏறி இறங்கலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில். மின்மாற்றியில் இருந்து தொலைவில், வயரின் கடைசி வீடாக இருந்தால் மாலை நேரத்தில் அது இன்னும் கீழே இறங்கக்கூடும். விளக்கு மங்கும், விசிறி தளரும். அவை சமாளிக்கும். கொம்பிறசர் சமாளிக்காது. தொடங்கும் கணத்தில் அதற்கு ஓடும்போது தேவைப்படுவதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் வேண்டும். கிடைக்காவிட்டால் அது சுற்றாமல் முனகும், சூடாகும், பாதுகாப்பு ஆளி ‘டிக்’ என்று வெட்டும். சில நிமிடத்தில் ஆறி மீண்டும் முயலும். மீண்டும் ‘டிக்’. இந்த ஒலியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் பிளக்கைக் கழற்றுங்கள். இரவு முழுவதும் அப்படியே விட்டால் விடியும்போது கொம்பிறசர் எரிந்து போயிருக்கலாம்.

அநேகமாகக் குற்றம் வீதிக் கம்பியில் மட்டும் இல்லை, நம் வீட்டு வயரிலும் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து, அல்லது பழைய வீட்டு மின்மானியில் இருந்து கொட்டிலுக்கு இழுத்த மெல்லிய வயரைக் கணக்குப் பாருங்கள். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், தூரம் 30 மீற்றர். போய் வர 60 மீற்றர், அதன் தடை ஏறத்தாழ 1 ஓம். நடுத்தரப் பிறீசர் ஒன்று தொடங்கும்போது 15 அம்பியர் இழுத்தால் அந்த வயரிலேயே 15 வோல்ற் தொலைந்துபோகும். மின்மானியில் 215 இருந்தால் பிறீசருக்குக் கிடைப்பது 200. அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 6 வோல்ற். வயர் மாற்றும் செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள், புதிய கொம்பிறசரின் விலையை ஒரு தரம் விசாரித்துப் பாருங்கள். நீட்டிப்பு வயரைச் சுருளாகவே வைத்துப் பாவித்தால் அது தானே சூடாகி உருகும். ஓலைக் கூரைக்குக் கீழே அது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. பிறீசருக்குச் சுவரில் தனிச் சொக்கற் வேண்டும்.

மின்சாரம் போய் வந்தால் உடனே போட வேண்டாம். ஐந்து நிமிடம் பொறுங்கள். உள்ளே அழுத்தம் சமனாகும் முன் தொடங்கச் சொன்னால் கொம்பிறசர் மீண்டும் அந்த ‘டிக்’கில் மாட்டும். மின்சாரம் வந்து வந்து போகும் நாட்களில் பிளக்கைக் கழற்றி வைத்திருந்து, நிலைத்தபின் போடுவதே நல்லது. ஸ்ரெபிலைசர் வாங்குவதாக இருந்தால், தாமதித்துத் தொடங்கும் வசதி உள்ளதையே கேளுங்கள். பிறீசரின் ஓடும் வாற்றைப் பார்த்து அளவு எடுக்காமல், தொடங்கும் சுமையைத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஜெனரேற்றருக்கும் இதே விதி. ஜெனரேற்றரைக் கடைக்குள்ளோ விறாந்தையிலோ ஓடவிடாதீர்கள். அதன் புகையில் உள்ள நஞ்சுக்கு மணமில்லை, உறங்குபவரை எழவிடாது.

உங்கள் பகுதி முழுவதிலும் மின்னழுத்தம் குறைவென்றால், தனியாக அலையாமல் அயல் வீட்டாரும் சேர்ந்து மின்சார அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை வோல்ற் என்று எழுதியிருந்தால் அந்தக் கடிதத்துக்கு எடை கூடும்.

பெட்டியைத் தொட்டால் கிர்ரென்று அடிக்கிறதா? செருப்புப் போட்டுக்கொண்டு பாவிக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. வெறுங்காலோடு சோடா எடுக்க வரும் பிள்ளைக்குச் செருப்பு இருக்காது. உடனே நிறுத்தி, மின்னிணைப்பாளரைக் கொண்டு ஏர்த் எனப்படும் புவித்தொடுப்பைச் சரிபாருங்கள். அடிக்கடி விழும் ட்ரிப் சுவிச்சை விழாதபடி கட்டிவைப்பதும், அதைத் தவிர்த்து வயர் கொடுப்பதும் ஆளைக் கொல்லும். புவித்தொடுப்புக் கம்பி இறக்க நிலத்தில் அடிக்க வேண்டிவரும். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட நிலம் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு முளைகூட அடிக்க வேண்டாம். முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

இடம்பெயர்ந்திருந்த ஊரிலிருந்து உழவு இயந்திரத்திலோ லொறியிலோ ஏற்றிவந்த பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். வழியில் சரித்துப் படுக்க வைத்திருந்தால், நிமிர்த்தி ஒரு நாள் விட்டபின் போடுங்கள். கொம்பிறசரின் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும், அது திரும்பி வர வேண்டும். வருடக்கணக்கில் பூட்டிக்கிடந்த பெட்டி என்றால் எலி கடித்த வயர் இருக்கிறதா என்று பின்பக்கம் பார்த்த பின்பே பிளக்கைக் கொடுங்கள்.

“காஸ் குறைஞ்சு போச்சு அக்கா”

வெயில் காலத்தில் அதிகம் கேட்கும் வசனம் இது. “அடிச்சு விடட்டோ?” என்ற கேள்வியும் கூடவே வரும். பெற்றோல் போலக் காஸ் ஓட ஓடத் தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை அடைக்காமல் காஸ் அடித்தால் இன்னும் சில கிழமையில் அதே வசனத்தை மீண்டும் கேட்பீர்கள். எனவே கோபமில்லாமல், ஆனால் விடாமல் கேளுங்கள்: “தம்பி, எங்கை ஒழுகுதெண்டு முதல் காட்டுங்கோ.” நல்ல திருத்துநர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். குழாய்ப் பொருத்தில் எண்ணெய்க் கசிவையும், சவர்க்கார நுரையில் குமிழியையும் காட்டுவார். உள்ளே பனி ஒரு மூலையில் மட்டும் பிடித்து மற்ற இடம் வெறுமையாக இருப்பதும் காஸ் குறைவின் அடையாளம்.

புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள காஸ் தீப்பற்றக்கூடியது. பின்புறத்தில் முக்கோணத்துக்குள் தீச்சுவாலை போட்ட படம் ஒட்டியிருக்கும். ஆர் 600 ஏ, ஆர் 290 என்ற பெயர்கள் தகட்டில் இருக்கும். அத்தகைய பெட்டியில் வேலை செய்யும்போது அருகில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது, கதவு யன்னல் திறந்திருக்க வேண்டும். தகட்டில் எழுதிய காஸையே, எழுதிய கிராம் அளவுக்கே, நிறுத்து ஏற்ற வேண்டும். “எல்லாம் ஒண்டுதான்” என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ள திருத்துநர் உங்கள் பகுதியில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ‘டிக்’ ஒலிதான் பிரச்சினை, மின்னழுத்தமும் வயரும் சரி என்றால், கொம்பிறசர் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் றிலேயையும் கப்பாசிற்றரையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அவை சிறு செலவு. நீங்களே கை வைக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பின்னும் கப்பாசிற்றரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

பெட்டி நின்ற இரவில்

முதல் விதி, திறக்காதீர்கள். நிரம்பிய பிறீசர் மூடியபடி இருந்தால் இரண்டு நாள்வரை உறைநிலையைத் தாங்கும் என்றும், பாதி நிரம்பியது ஒரு நாள் தாங்கும் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். தகரக் கொட்டிலின் வெயிலில் அதில் பாதியை மட்டும் நம்புங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் உருகி மறுபடி உறைந்ததா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. சிறு கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து பிறீசருக்குள் விட்டுவிடுங்கள். நாணயம் பனிக்குள் கீழே இறங்கியிருந்தால் இடையில் எல்லாம் உருகியிருக்கிறது.

மீன் வைத்திருப்பவர்கள் ரெஜிபோம் பெட்டியையும் ஐஸ் கிடைக்கும் இடத்தையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். 30 பாகையில் இருக்கும் ஒரு கிலோ மீனைச் சைபருக்குக் கொண்டுவர மூன்றிலொரு கிலோ ஐஸ் போதும். ஆனால் பெட்டிக்குள் நுழையும் சூட்டையும் அந்த ஐஸ்தான் தாங்க வேண்டும். அதனால் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கிடுங்கள். நொறுக்கிய ஐஸை மீனுக்குக் கீழும் மேலும் இடையிலும் போடுங்கள். உருகிய தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை வேண்டும். உண்மையில் பிறீசர் நன்றாக வேலை செய்யும் நாளிலும் இதுவே நல்ல முறை. கரையிலிருந்து வந்த சூட்டு மீனை 40, 50 கிலோவாக அப்படியே பிறீசருக்குள் கொட்டினால், ஏற்கெனவே உறைந்திருந்த மீனும் இளகும். ஐஸில் முதலில் குளிரவைத்து, மெல்லிய பொதிகளாக, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

பனித்துகள் இன்னும் உள்ளே தெரிகிற மீனை மறுபடி உறையவைக்கலாம், தரம் குறையும். உருகிய ஐஸ்கிறீமை மறுபடி உறையவைத்து விற்கக் கூடாது. சூரை, சாளை, கும்பளா போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்ரமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவந்து, தலையிடித்து, உடல் கடித்து, நெஞ்சு படபடக்கும். மணத்தில் அது பிடிபடாமல் போகலாம். பொரித்தாலும், மறுபடி உறைய வைத்தாலும், கருவாடு போட்டாலும் அழியாது. கருவாடு போடுவதாக இருந்தால் மீன் குளிர்ச்சியோடு நல்ல நிலையில் இருக்கும்போதே முடிவெடுங்கள், கெட்ட பின் அல்ல. சந்தேகமுள்ளதைப் புதைத்துவிடுவது வயிற்றை எரிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் விற்காதீர்கள். இதில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேட்கத் தயங்க வேண்டாம். கேட்டு வருபவரை அவர் ஒழித்து விற்பவராகப் பார்க்க மாட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மின்சாரம் வராத வீட்டார் தங்கள் இன்சுலினை உங்கள் கடைக் கூலரில் வைத்திருப்பார்கள். அது 2க்கும் 8க்கும் இடையில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. குளிர்த்தகட்டோடு ஒட்டாமல், நடுத் தட்டில், ஒரு மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். ஒரு தரம் உறைந்த இன்சுலின் தெளிந்து தெரிந்தாலும் பாவிக்கக் கூடாது. உங்கள் பெட்டி நின்றால் முதலில் செய்தி சொல்ல வேண்டியது அந்த வீட்டாருக்குத்தான். அவர்கள் வைத்தியசாலையில் கேட்டு வேறு ஒழுங்கு செய்யட்டும்.

பயிற்சி

இன்றிரவு தொடங்கி இரண்டு நாள் கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். விடியற்காலை, பின்னேரம், இரவு எட்டு மணி: உள்ளே எத்தனை பாகை? அந்த நேரத்தில் விளக்கு மங்கியதா? ‘டிக்’ ஒலி கேட்டதா? பெட்டியின் பக்கச் சுவரில் என்ன சாய்ந்திருக்கிறது? கொண்டென்சரை கடைசியாகத் துப்புரவாக்கியது எப்போது? பிறீசருக்குப் போகும் வயர் எத்தனை மீற்றர், எவ்வளவு தடிப்பு? தகட்டில் உள்ள காலநிலை எழுத்து எது, காஸின் பெயர் என்ன? தாளை மடித்துப் பெட்டியின் பின்புறம் ஒரு பொலித்தீன் உறைக்குள் ஒட்டிவையுங்கள். எங்கள் களப்பணியாளர் அடுத்த தடவை வரும்போது அதை அவருடன் சேர்ந்து பாருங்கள். திருத்துநர் வந்தால் அவரிடமும் முதலில் அதைக் கொடுங்கள்.